எண்ணுக்கு முன் புள்ளிகள்: உளவியலில் ஒட்டுறவு ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

சிங்கப்பூரில் உளவியல் படிக்கத் தொடங்குபவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவராக இருந்தாலும் சரி, பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பட்டப்படிப்புக்கு ஓடுபவராக இருந்தாலும் சரி, கையில் எடுக்கும் முதல் ஆய்வு பெரும்பாலும் ஒட்டுறவு ஆய்வாகத்தான் இருக்கும், அதாவது இரண்டு விஷயங்கள் சேர்ந்தே கூடிக் குறைகின்றனவா என்று பார்க்கும் ஆய்வு. செலவு குறைவு, ஆய்வுக்கூடம் வேண்டாம், கைப்பேசியில் ஒரு படிவத்தைச் சுற்றுக்கு விட்டால் பதில்கள் வந்துவிடும். அதனாலேயே இதைச் சுலபமான வழி என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு சுலபம்தான், மென்பொருள் நொடியில் போட்டுக் கொடுத்துவிடும். யாரிடம், எதை, எப்படிக் கேட்டோம் என்பதும், எண் வந்த பிறகு அதைப் பற்றி என்ன வாக்கியம் எழுதுகிறோம் என்பதும்தான் உண்மையான வேலை.

கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பிள்ளைங்க தமிழ் பேசாததாலதான் தாத்தா பாட்டியோட ஒட்டுதலே இல்லாம போகுது." கவலை வெறுமனே வந்ததல்ல. 2010ல் சிங்கப்பூர்வாசிகளில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசிய மொழி ஆங்கிலம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 48.3 விழுக்காடாகிவிட்டது. சரி, தமிழ் பேசும் அளவுக்கும் பாட்டியுடனான நெருக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு? இதை ஒரு மாணவர் எப்படி ஆராய்வது என்று பார்ப்போம். இனி வரும் சிறு கணக்குகளில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை, யாருடைய ஆய்வு முடிவும் அல்ல.

இந்த முறை எதற்கு

பரிசோதனை என்றால் ஆய்வாளர் எதையாவது மாற்றுவார். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பார். ஒட்டுறவு ஆய்வில் நாம் எதையும் தொடுவதில்லை. இருப்பதை இருக்கிறபடியே அளக்கிறோம். ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடுகிறதா, குறைகிறதா, அல்லது சம்பந்தமே இல்லையா என்று பார்க்கிறோம்.

50 குடும்பங்களிடம் "பத்து வருடம் தமிழில் பேசுங்கள்", இன்னொரு 50 குடும்பங்களிடம் "பேசவே கூடாது" என்று சொல்ல முடியுமா? முடியாது. மணமுறிவு, துக்கம், புகைப்பழக்கம் எல்லாமே இப்படித்தான். செய்து பார்க்க முடியாது, அல்லது செய்யக் கூடாது. புகைப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்து ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபர்டு ஹில்லும் லண்டனில் 1950ல் வெளியிட்ட ஆய்வில் யாரையும் புகைக்கச் சொல்லவில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களிடமும் மற்ற நோயாளிகளிடமும் அவர்களின் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே "பரிசோதனைதான் அறிவியல், இது இரண்டாம் தரம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

வரலாறு ஒரு பத்தி போதும். பிரான்சிஸ் கால்ட்டன் 1888ல் இந்த எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தார். கார்ல் பியர்சன் 1896ல் இன்று நாம் பயன்படுத்தும் சூத்திரத்தைத் தந்தார். சார்ல்ஸ் ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் 1904ல் தரவரிசைகளுக்கான முறையை எழுதினார். அதே ஆண்டு, பள்ளி மாணவர்களின் பாட மதிப்பெண்களும் புலன்களின் கூர்மையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போவதை வைத்துப் பொது அறிவுத்திறன் என்ற கருத்தையும் முன்வைத்தார். அறிவுத்திறன் பற்றி இன்றுவரை நடக்கும் சண்டைகளில் பாதிக்கு வேர் அந்த ஒட்டுறவு அட்டவணைதான்.

படி 1: பேச்சை மாறிகளாக மாற்றுவது

"தமிழ் பேசுவது" ஒரு தலைப்பு. மாறி ஆக வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வர வேண்டும். "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் வீட்டில் யாரிடமாவது 10 நிமிடத்துக்கு மேல் தமிழில் பேசினீர்கள்?" என்றால் 0 முதல் 7 வரை எண் கிடைக்கும். நெருக்கத்துக்கும் அப்படியே. ஒருவருக்கு நான்கு தாத்தா பாட்டிகள் இருக்கலாம். ஒருவர் ஈசூனில் அதே புளோக்கில் இருப்பார், இன்னொருவர் தஞ்சாவூரில் இருப்பார். யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் படிவம் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரை நினைத்துப் பதில் போடுவார்கள். "நீங்கள் அதிகம் சந்திக்கும் தாத்தா அல்லது பாட்டி ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

இரண்டு எண்களும் ஒரே இணைக்குரியவையாக இருக்க வேண்டும். புதியவர்கள் அடிக்கடி இங்கே சறுக்குவார்கள்: ஒரு பக்கம் 40 இளையர்களிடம் தமிழ் பற்றிக் கேட்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் முதியோர் நடவடிக்கை நிலையத்தில் வேறு 40 பாட்டிகளிடம் நெருக்கம் பற்றிக் கேட்டிருப்பார்கள். எந்தப் பேரனுக்கு எந்தப் பாட்டி என்று தெரியாவிட்டால் ஒட்டுறவு கணக்கிட வழியே இல்லை.

அப்புறம், எதிர்பார்ப்பைத் தரவு வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். "தமிழ் பேசும் நாட்கள் கூடியவர்களிடம் நெருக்கமும் கூடுதலாக இருக்கும்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

படி 2: அளக்கும் கருவி

எனக்குக் கேட்டால், மொத்த நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே கொடுக்கச் சொல்வேன். மாணவர்கள் பெரும்பாலும் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பாருங்கள்: "நீங்கள் வீட்டில் அடிக்கடி தமிழ் பேசுவீர்களா? ஆம் / இல்லை." பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "அடிக்கடி" என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆம், இல்லை என்று இரண்டே பெட்டி வைத்ததால் வாரம் ஒருநாள் பேசுபவருக்கும் ஆறு நாள் பேசுபவருக்கும் உள்ள வித்தியாசம் தொலைந்துபோகிறது. படிவத்தைக் கொடுத்தவர் தமிழாசிரியர் என்றால் பாதிப் பேர் மரியாதைக்காகவே "ஆம்" போடுவார்கள். இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. "பாட்டி, நான் டியூஷன் முடிச்சிட்டு லேட்டா வருவேன், டின்னர் வெயிட் பண்ண வேணாம்" என்பது தமிழா, ஆங்கிலமா? ஆய்வாளர் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யலாம், ஆனால் முடிவு செய்துவிட்டு அதைப் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "ஆங்கிலச் சொற்கள் கலந்த தமிழையும் தமிழ் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்."

நெருக்கம் போன்ற விஷயத்துக்கு ஒரே கேள்வி போதாது. "பாட்டியிடம் என் கவலைகளைச் சொல்வேன்", "பாட்டி வீட்டில் இல்லாவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும்" போல ஆறு ஏழு வாக்கியங்களை எழுதி, முழுதும் மறுக்கிறேன் என்பதிலிருந்து முழுதும் ஏற்கிறேன் என்பதுவரை ஐந்து படிகள் வைப்பது வழக்கம். 1932ல் ரென்சிஸ் லிக்கர்ட் தொடங்கி வைத்த முறை இது. இரண்டொரு வாக்கியங்களை எதிர்மறையாகவும் எழுதுவார்கள்: "பாட்டியுடன் பேச எனக்கு எதுவும் இல்லை." அவற்றுக்கான மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன் திருப்பிப்போட வேண்டும், 5 என்றால் 1, 4 என்றால் 2. திருப்ப மறந்துவிட்டு, எதிர்பாராத முடிவு வந்துவிட்டதாகக் கட்டுரை எழுதத் தொடங்குபவர்கள் உண்டு. முடிவு விசித்திரமாக இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைக் காட்ட குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் இருக்கிறது. லீ குரோன்பாக் 1951ல் தந்தது. 0.70க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பது ஒரு வழக்கம், விதி அல்ல. ஆனால் நம்பகத்தன்மை, அதாவது கருவி தரும் எண் எவ்வளவு நிலையானது என்பது, குறைந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒட்டுறவை −1 முதல் +1 வரையான ஓர் எண்ணாகச் சொல்வார்கள், சுழியம் என்றால் நேர்க்கோட்டு உறவு இல்லை (படி 6ல் விரிவாகப் பார்ப்போம்). இரண்டு மாறிகளுக்கும் இடையே உண்மையான ஒட்டுறவு 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகளின் நம்பகத்தன்மையும் 0.70 என்றால் நம் கண்ணுக்குத் தெரியப்போவது 0.35 தான். மீதி அளவுப் பிழையில் கரைந்துவிடும். உறவு பலவீனம் என்று முடிவுகட்டும் முன் கருவி பலவீனமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல் இருந்தால் அதையே எடுங்கள். மன அழுத்தத்துக்கு ஷெல்டன் கோயனும் மற்றவர்களும் 1983ல் வெளியிட்ட அளவுகோல் இருக்கிறது. அதன் 10 கேள்வி வடிவத்தில் மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை வரும். சொந்தமாக ஒன்று தயாரித்து அது சரியா என்று நிரூபிப்பது தனி ஆய்வுக்குரிய வேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். இரண்டு மாறிகளையும் ஒரே ஆளிடம், ஒரே படிவத்தில், ஒரே நேரத்தில் கேட்டால், அன்றைக்கு அவர் இருந்த மனநிலையே இரண்டு பதில்களையும் சேர்த்துத் தூக்கிவிடும். எதற்கும் 5 போடும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 5 போடுவார்கள். வழி இருந்தால் தமிழ் பேசும் நாட்களைப் பேரனிடமும் நெருக்கத்தைப் பாட்டியிடமும் கேளுங்கள். வேலை இரட்டிப்பாகும், ஆனால் ஆய்வின் தரம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

கேள்வித்தாள் மட்டும்தான் வழி என்று இல்லை. தேக்கா உணவங்காடி நிலையத்தில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும் மேசைகளைக் கவனித்து, 10 நிமிடத்தில் சின்னவர்கள் பெரியவர்களிடம் எத்தனை முறை பேசுகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று குறிக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துப் பிறகு ஒப்பிட வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துவராவிட்டால் குறிக்கும் விதியில் ஓட்டை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள பதிவுகளையும் பயன்படுத்தலாம். புள்ளிவிவரத் துறை வட்டார வாரியாக நிறைய அட்டவணைகள் தருகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வட்டாரத்துக்கான ஒட்டுறவு மனிதர்களுக்கான ஒட்டுறவு அல்ல. வில்லியம் ராபின்சன் 1950ல் இதைக் காட்டினார். அமெரிக்க மாநிலங்களை அலகாக எடுத்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர் விகிதத்துக்கும் எழுத்தறிவின்மைக்கும் ஒட்டுறவு −0.53. அதாவது குடியேறியவர் அதிகமுள்ள மாநிலத்தில் எழுத்தறிவின்மை குறைவு. தனி மனிதர்களை எடுத்தபோது அது 0.12, திசையே மாறிவிட்டது. குடியேறியவர்கள் எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் போய்த் தங்கியதால் வந்த வித்தியாசம். ஆகவே உட்லண்ட்ஸ், செங்காங் என்று வட்டார எண்களை வைத்துக்கொண்டு அங்குள்ள பிள்ளைகளின் மனத்தைப் பற்றி எழுதாதீர்கள்.

படி 3: யாரிடம், எத்தனை பேரிடம்

மிக எளிதாகக் கிடைக்கும் மாதிரி எது? தமிழ் இளையர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழு. அங்கே படிவத்தைப் போட்டால் ஒரே இரவில் 60 பதில் வந்துவிடும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வாரத்தில் 6, 7 நாள் தமிழ் பேசுபவர்களாக இருப்பார்கள். ஒரு மாறி ஏறி இறங்கவே இல்லையென்றால் அதோடு சேர்ந்து மற்றொன்று ஏறி இறங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது? வீச்சு சுருங்கினால் ஒட்டுறவும் பொதுவாகச் சுருங்கிவிடும். வெயிலுக்கும் கோபத்துக்கும் தொடர்பு உண்டா என்பது உளவியலில் பழைய கேள்வி. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே புழுக்கமாக இருக்கும் நம் தீவில், தினசரி வெப்பநிலையை வைத்து அதை ஆராய உட்கார்ந்தால் சுழியத்தை ஒட்டித்தான் வரும். வெயிலுக்கும் கோபத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதற்குப் பொருளல்ல.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 13 வயதுப் பிள்ளைகளையும் 50 வயதுக்காரர்களையும் ஒரே மாதிரியில் கலந்துவிட்டால், பெரியவர்கள் தமிழும் அதிகம் பேசுவார்கள், குடும்பப் பாசத்திலும் அதிக மதிப்பெண் போடுவார்கள். இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஒரு கோடு தானாக ஏறும், எந்த ஒரு கூட்டத்துக்குள்ளும் அப்படி இல்லாவிட்டாலும்கூட.

எத்தனை பேர் என்பதற்கு "30 பேர் போதும்" என்ற பழைய வாய்மொழி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போதாது. உண்மையான ஒட்டுறவு 0.30 என்றால், அதை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க, வழக்கமான 5 விழுக்காட்டு வரம்பில் (உறவே இல்லாதபோது இருப்பதாகத் தவறாக முடிவுகட்டும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குள் வைப்பது), ஏறக்குறைய 85 பேர் வேண்டும். 0.20 என்றால் 194 பேர், 0.10 என்றால் 783 பேர். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஜி பவர் என்ற மென்பொருளில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எண் நிலையாக நிற்க ஏறக்குறைய 250 பேர் வேண்டும் என்று ஷோன்பிராட்டும் பெருஜினியும் 2013ல் எழுதினார்கள். ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவருக்கு அது கனவுதான். முடிந்தவரை கூட்டுங்கள், முடியாததை ஆய்வறிக்கையில் ஒளிக்காதீர்கள்.

படி 4: அனுமதி

உங்கள் கல்வி நிலையத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும் முன் ஒரு படிவம்கூட வெளியே போகக் கூடாது. பங்கேற்பவர் 21 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் தேவையா என்று குழுவிடம் முதலிலேயே கேளுங்கள், கடைசி வாரத்தில் தெரிந்தால் மொத்த அட்டவணையும் சரியும். அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைப்புகள் அந்த எண்ணைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் முதல் கடும் வரம்பு உண்டு. பேரனையும் பாட்டியையும் இணைக்க ஒரு சங்கேதக் குறியீடு போதும்.

படி 5: படம் போட்டுப் பாருங்கள்

பதில்கள் வந்ததும் எல்லாரும் எண்ணைத் தேடி ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிடைமட்டத்தில் தமிழ் பேசும் நாட்கள், செங்குத்தில் நெருக்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி என்று சிதறல் வரைபடம் போடுங்கள். ஜாஸ்ப், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், எக்செல்லிலும் வரும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஐந்து பேரை எடுத்துக்கொள்வோம். தமிழ் பேசிய நாட்கள் முறையே 1, 2, 4, 6, 7. பாட்டியுடனான நெருக்கம் பத்துக்கு 4, 3, 6, 5, 7. நாட்களின் சராசரி 4. ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள்? −3, −2, 0, 2, 3. நெருக்கத்தின் சராசரி 5, விலகல்கள் −1, −2, 1, 0, 2. ஒவ்வொருவரின் இரண்டு விலகல்களையும் பெருக்கினால் 3, 4, 0, 0, 6, கூட்டினால் 13. முதல் வரிசை விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 26, இரண்டாவது வரிசைக்கு 10. 26ஐயும் 10ஐயும் பெருக்கினால் 260, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16.12. 13ஐ அதனால் வகுத்தால் 0.81. பியர்சனின் ஆர் என்பது இவ்வளவுதான். ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தவருக்கு மென்பொருள் மீதுள்ள பயம் போய்விடும்.

இப்போது ஆறாவதாக ஒரு பையன் வருகிறான். பாட்டியும் அவனும் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், ஒரே அறையில் இருக்கிறார்கள். ஏழு நாளும் தமிழ்தான், ஆனால் அந்தத் தமிழ் முழுக்கக் கைப்பேசியைக் கீழே வைப்பது பற்றிய சண்டை. நாட்கள் 7, நெருக்கம் 1. அவனையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆர் 0.81லிருந்து 0.11க்கு விழுந்துவிடுகிறது. ஒரே ஒரு புள்ளி! எண்ணை மட்டும் பார்த்தவர் "தொடர்பே இல்லை" என்று எழுதியிருப்பார். படத்தைப் பார்த்தவருக்கு ஐந்து புள்ளிகள் ஏறுவதும் ஒன்று மட்டும் மூலையில் தனியாகக் கிடப்பதும் உடனே தெரியும்.

அந்தப் பையனைத் தூக்கிவிடலாமா? தட்டச்சுப் பிழை என்றால் திருத்துங்கள். பிழை இல்லையென்றால் அவனும் உண்மையான பேரன்தான், அவனை நீக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவனைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவுகளையும் தாருங்கள். சொல்லப்போனால் அவன்தான் ஆய்வின் சுவாரசியமான ஆள். எத்தனை நாள் பேசுகிறார்கள் என்பதைவிட என்ன பேசுகிறார்கள் என்பதை அளந்திருக்க வேண்டுமோ என்ற கேள்வியை அவன் கிளப்புகிறான்.

பிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973ல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள், நான்கிலும் சராசரிகள் ஒன்றே, ஆர் மதிப்பும் ஏறக்குறைய 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்று ஒரே புள்ளியால் சாய்ந்த நேர்க்கோடு, ஒன்று கிட்டத்தட்ட செங்குத்தான வரிசை. வளைகோட்டை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். பியர்சனின் ஆர் நேர்க்கோட்டு உறவை மட்டுமே அளக்கும். கொஞ்சம் பதற்றம் தேர்வுக்கு நல்லது, அதிகப் பதற்றம் கெடுதல் என்பது போன்ற கவிழ்த்த கிண்ண வடிவ உறவில் ஆர் சுழியம் என்றுகூட வரலாம்.

படி 6: எண்ணைப் படிப்பது

ஆர் −1க்கும் +1க்கும் நடுவே இருக்கும். குறி திசையைச் சொல்கிறது, பலத்தைச் சொல்வதில்லை. −0.60 என்பது 0.40ஐவிட வலுவானது. ஜேகப் கோயன் 1988ல் தந்த அளவின்படி 0.10 சிறியது, 0.30 நடுத்தரம், 0.50 பெரியது. மனித நடத்தையில் 0.30 வந்தாலே நல்ல கண்டுபிடிப்புதான், பௌதிக வகுப்பின் எதிர்பார்ப்போடு வராதீர்கள். ஆனால் 0.30ஐ வர்க்கப்படுத்தினால் 0.09. அதாவது நெருக்கத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 9 விழுக்காடுதான் தமிழ் பேசும் நாட்களோடு சேர்ந்து போகிறது. மீதி 91 வேறு எதனுடனோ.

பி மதிப்பை (உறவே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வரும் வாய்ப்பை) பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள், நம்பிக்கை இடைவெளியையும் (உண்மையான ஒட்டுறவு இருக்கக்கூடிய வீச்சையும்) எழுதுங்கள். 85 பேரிடம் ஆர் 0.30 என்று வந்தால் 95 விழுக்காட்டு இடைவெளி ஏறக்குறைய 0.09 முதல் 0.48 வரை. அற்பமான உறவிலிருந்து பெரிய உறவுவரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது அது. அந்த அகலத்தைப் பார்த்தால் அறிக்கையின் தொனி தானாக அடங்கும்.

தரவு தரவரிசையாக இருந்தால், அல்லது மூலையில் கிடக்கும் புள்ளிகள் தொல்லை தந்தால், ஸ்பியர்மன் முறையைப் போடுங்கள். படிவத்தில் இருந்த பத்து மாறிகளையும் ஒன்றோடொன்று மோதவிடும் ஆசை வரும். பத்து மாறிகளுக்கு 45 இணைகள். எதிலுமே உறவு இல்லாவிட்டாலும் 5 விழுக்காட்டு வரம்பில் சராசரியாக இரண்டு இணைகள் "முக்கியமானவை" என்று மின்னும். படி 1ல் தேதி போட்டு எழுதி வைத்த வாக்கியம் இங்கேதான் உங்களைக் காப்பாற்றும்.

படி 7: காரணம் என்று சொல்லத் தோன்றும்போது

ஆர் 0.40 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பார்த்தீர்களா, தமிழ் பேசினால் பாசம் வரும்!" அவசரப்படாதீர்கள்.

திசையைத் திருப்பிப் பாருங்கள். பாட்டியைப் பிடித்துப்போனதால் பிள்ளை அவரோடு தமிழில் பேசுகிறானோ என்னவோ. பிடித்தவர்களின் மொழிக்கு நாம் போவது இயல்புதானே. ஒரே நேரத்தில் எடுத்த தரவு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மூன்றாவது மாறியையும் தேடுங்கள். இங்கே அது வெளிப்படை: பாட்டியோடு சேர்ந்து செலவிடும் நேரம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போக, பள்ளி முடிந்து பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழும் வரும், நெருக்கமும் வரும். தமிழுக்கும் நெருக்கத்துக்கும் 0.40, தமிழுக்கும் நேரத்துக்கும் 0.60, நெருக்கத்துக்கும் நேரத்துக்கும் 0.55 என்று வந்தால், நேரத்தின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் பகுதி ஒட்டுறவு ஏறக்குறைய 0.10 தான். நாற்பது பத்தாகிவிட்டது. ஆனால் இந்தக் கழித்தலும் மந்திரமல்ல. நீங்கள் அளந்ததை மட்டுமே கழிக்க முடியும். தவிர, தமிழ் தெரிந்ததால்தான் பிள்ளை பாட்டியோடு அதிக நேரம் இருக்கிறான் என்றால், நேரத்தைக் கழிப்பது தமிழின் வேலையையே கழிப்பதாகிவிடும். எது எதற்கு முந்தியது என்று முதலில் காகிதத்தில் அம்புக்குறி போட்டு யோசித்துவிட்டு அப்புறம் மென்பொருளைத் தொடுங்கள்.

காலத்தைச் சேர்த்தால் கை கொஞ்சம் வலுக்கும். நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா மாவட்டத்தில் லெனர்ட் இரோனும் சகாக்களும் 1960ல் எட்டு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள், பத்து ஆண்டு கழித்து அவர்களில் பலரை மீண்டும் தேடிப் பிடித்தார்கள். பையன்களிடம், சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை விரும்பியதற்கும் பிற்கால ஆக்ரோஷத்துக்கும் ஒட்டுறவு 0.31. சிறுவயது ஆக்ரோஷத்துக்கும் பிற்கால வன்முறை நிகழ்ச்சி விருப்பத்துக்கும் 0.01. 1972ல் வந்த இந்த முடிவு திசை பற்றி ஒரு குறிப்பைத் தந்தது. சர்ச்சை அதோடு முடியவில்லை, மூன்றாவது மாறி அங்கேயும் ஒளிந்திருக்க இடம் உண்டு. சிங்கப்பூரிலும் அந்த வழியில் நீண்டகால ஆய்வு நடக்கிறது. குஸ்டோ ஆய்வு 2009ல் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணித் தாய்மார்களைச் சேர்த்துத் தொடங்கியது. அவர்களின் பிள்ளைகளை இன்னும் பின்தொடர்கிறார்கள். ஒரு பருவ மாணவருக்கு அது எட்டாது. ஆனால் ஆறு வாரம் கழித்து அதே படிவத்தை இன்னொரு முறை கொடுப்பது எட்டும்.

படி 8: எழுதுவது

முடிவுப் பகுதியில் இப்படி எழுதலாம்: "வீட்டில் தமிழ் பேசிய நாட்கள் கூடுதலாக இருந்த இளையர்கள், தாங்கள் அதிகம் சந்திக்கும் தாத்தா அல்லது பாட்டியுடன் கூடுதல் நெருக்கத்தைத் தெரிவித்தனர். 85 பேர், ஆர் 0.30, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.09 முதல் 0.48 வரை." இதில் "கூட்டுகிறது", "வளர்க்கிறது", "பாதிக்கிறது", "வழிவகுக்கிறது" எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முடிவுப் பகுதியில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கடைசிப் பக்கப் பரிந்துரையில் "ஆகவே நெருக்கம் வளர பெற்றோர் வீட்டில் தமிழ் பேச வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். காரணம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேச வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த ஆசைக்கு இந்த ஆர் சாட்சி சொல்லாது.

உறவு எதுவும் தெரியாமல் போனாலும் அறிக்கை அறிக்கைதான். ஆர் 0.04 என்று வந்ததை மறைத்துவிட்டு வேறு இணையைத் தேடிப் பிடித்து முன்னால் வைப்பதை மதிப்பீட்டாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாறியின் வீச்சு, கருவியின் ஆல்ஃபா, சிதறல் படம் மூன்றையும் காட்டி, இந்த 0.04 உறவின்மையா அல்லது அளக்க முடியாமையா என்று வாசகரே எடைபோட விட்டுவிடுங்கள்.

வரம்புகள் பகுதியில் "மாதிரி சிறியது, எதிர்கால ஆய்வுகள் பெரிய மாதிரியில் செய்யலாம்" என்ற வரி எல்லா ஆய்வறிக்கைகளிலும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. இதுபோல எழுதிப் பாருங்கள்: "பங்கேற்றவர்கள் தமிழ் இளையர் மன்றங்கள் வழியாகச் சேர்க்கப்பட்டதால் வாரத்தில் 3 நாளுக்குக் குறைவாகத் தமிழ் பேசுபவர்கள் மிகச் சிலரே இருந்தனர். நெருக்கத்தை இளையர்களிடம் மட்டுமே கேட்டோம், தாத்தா பாட்டிகளிடம் கேட்கவில்லை. சேர்ந்து வசிக்கிறார்களா என்று கேட்டோம், ஆனால் சேர்ந்து செலவிடும் நேரத்தை அளக்கவில்லை." இந்த மூன்று வாக்கியங்களை வைத்து அடுத்த மாணவர் நேராகப் படி 1லிருந்து தொடங்கிவிடலாம்.